மோரிஸ் மைனர் டிராவலர் பின்பக்க மரக்கதவு மாத்துறது: அடிக்கடி கேக்கற கேள்விகள்

இங்கிலாந்துல மோரிஸ் மைனர் டிராவலர் வச்சிருக்கறவங்க, வாங்கலாமான்னு யோசிக்கறவங்க திரும்பத் திரும்ப கேக்கற கேள்விகளை ஒரே இடத்துல போட்டிருக்கேன். பெரும்பாலும் பின்பக்க ரெட்டைக் கதவு பத்தித்தான், ஆனா கதவை மட்டும் தனியா பேச முடியாது, ஏன்னு படிக்கப் படிக்க புரியும்.

டிராவலர்னா எது? சாதா மைனருக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

மோரிஸ் மைனர் 1948ல லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார் ஷோவுல வந்த கார், டிசைன் பண்ணவர் அலெக் இஸிகோனிஸ், பின்னாடி மினியை உருவாக்கினவரும் அவர்தான். டிராவலர்ங்கறது அதோட எஸ்டேட் மாடல், அதாவது பின்னாடி சாமான் ஏத்த கூரையை நீட்டி கதவு வச்ச கார், 1953ல வந்துச்சு, 1971 வரைக்கும் செஞ்சாங்க. முன்பாதி சாதா மைனர் மாதிரியே இரும்பு பாடி. முன் கதவுக்குப் பின்னாடி இருந்து மரச்சட்டம், அதுல அலுமினியத் தகடு, மேல அலுமினியக் கூரை, கடைசியில பக்கவாட்டுல திறக்கற ரெண்டு கதவு. எஞ்சின் முதல்ல 803 சிசி, 1956ல 948, 1962ல 1098. நம்ம ஊர்ல பேபி ஹிந்துஸ்தான்னு ஓடுச்சே, அதுவும் மோரிஸ் மைனர்தான். அம்பாசடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் வழியில வந்தது, அதனால இந்த முகத்தைப் பாத்தா நம்மாளுங்களுக்கு சொந்தக்காரங்களைப் பாத்த மாதிரி இருக்கும்.

அந்த மரம் சும்மா அழகுக்கா?

இல்லவே இல்ல, இதை முதல்ல மனசுல பதிய வச்சுக்கங்க. டிராவலர்ல மரம்தான் பின்பாதியோட எலும்புக்கூடு, கூரையைத் தாங்கறது அது, பக்கத்தை நேரா நிறுத்தறது அது, பின் கதவு தொங்கறதும் அதுலதான். மினியில இதே மாதிரி மரம் வச்ச எஸ்டேட் 1960ல வந்துச்சு, அதுல மரம் இரும்பு பாடி மேல ஒட்டினது, அழுகினா பாக்க அசிங்கமா இருக்கும், அவ்வளவுதான். டிராவலர்ல அழுகினா காரே பலம் இழந்துடும். ரெண்டையும் ஒண்ணா நினைச்சுக்கிட்டு "மேல கொஞ்சம் வார்னிஷ் அடிச்சா போதும்"னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க.

என்ன மரம் அது? ஏன் அதையே போட்டாங்க?

ஆஷ் மரம். ஐரோப்பாவுல கோடாலிக் காம்பு, சுத்தியல் காம்பு எல்லாம் இதுல செய்வாங்க, காரணம் அடி வாங்கினா உடையாம வளைஞ்சு குடுக்கும், நார் நீளமா நேரா போகும். ரோட்டுல குலுங்கற வண்டிக்கு இந்த குணம் ரொம்ப தேவை. மால்வர்ன்ல இருக்கற மோர்கன் கம்பெனி இன்னைக்கும் பாடிக்கு ஆஷ் சட்டம்தான் போடறாங்க. ஆனா ஆஷுக்கு ஒரு பெரிய குறை, ஈரம் தாங்காது. வெளியில நிக்கற மரங்களை எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்னு வகை பிரிச்சிருக்காங்க, அதுல ஆஷ் கடைசி வகுப்பு. மழை நாட்டுல, நனையற காருல, ஈரம் ஆகாத மரம், அதனாலதான் இந்தக் கேள்விகளே வருது. பராமரிச்சா பல வருஷம் நிக்கும், விட்டா சில குளிர்காலத்துலயே உளுத்துடும்.

என் பின் கதவு கீழே தொங்குது, கதவை மாத்திடலாமா?

இருங்க, அவசரப்படாதீங்க. நான் சொல்ல வர்ற முக்கியமான விஷயமே இதுதான்: பின் கதவு தொங்குதுன்னா பாதி நேரம் கோளாறு கதவுல இருக்காது, அது தொங்கற தூண்ல இருக்கும். புதுக் கதவை வாங்கிட்டு வந்து உளுத்த தூண்ல மாட்டினா ரெண்டே மாசத்துல அதுவும் தொங்கும், ஸ்க்ரூ ஓட்டை பெருசாகும், காசு போச்சு.

அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிக்கலாம். கதவை முழுசா திறங்க, வெளி ஓரத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சு மெதுவா மேல தூக்குங்க, தூக்கும்போது ஒருத்தரை கீல் பக்கம் உத்துப் பாக்கச் சொல்லுங்க. கீலோட நடு முள் ஆடுதா, முள்ளும் அது சுத்தற துளையும் தேஞ்சிருக்கு, கீலை மட்டும் மாத்தினா தீரும். கீல் தகடு மொத்தமா தூணை விட்டு அசையுதா, அப்ப தூண்ல ஸ்க்ரூ பிடிக்கல, ஒண்ணு ஓட்டை தளந்திருக்கும், இல்ல தூண் உள்ளுக்குள்ள மக்கியிருக்கும். கீல் கல்லு மாதிரி நிக்குது ஆனா கதவோட மூலை மட்டும் திறந்து மூடுது, அப்பத்தான் கதவோட ஜாயிண்ட் போச்சுன்னு அர்த்தம். இந்த மூணாவது கேஸ்லதான் கதவு மாத்தற பேச்சு.

தூண் நல்லா இருக்கா இல்லையான்னு எப்படி பாக்கறது?

ஒரு கூர்மையான குத்தூசி, இல்லன்னா சின்ன ஸ்க்ரூடிரைவர் போதும். எங்கெங்க குத்தணும்னா, பின்தூணோட அடிப்பக்கம் இரும்புத் தரையோட சேர்ற இடம், சக்கர வளைவுக்கு மேல ஓடற கீழ்ச்சட்டம், அந்த சட்டமும் தூணும் சந்திக்கற ஜாயிண்ட், கதவுக்கு மேல இருக்கற குறுக்குச்சட்டத்தோட ரெண்டு முனை. நல்ல ஆஷ்ல முனை ஒரு மில்லிமீட்டர் கூட இறங்காது, கெட்டதுல ரொட்டியில குத்தற மாதிரி உள்ள போயிடும். வெளியில இருந்து மட்டும் பாக்காதீங்க, பின்னாடி சாமான் வைக்கற பலகையைத் தூக்கிட்டு உள்பக்கமா டார்ச் அடிச்சுப் பாருங்க, ஏன்னா வெளிப்பக்கம் வார்னிஷ் பளபளன்னு இருக்கும், உள்ள கையை வச்சா தூளா உதிரும்.

கறுப்புக் கறை இருந்தா அது தண்ணி உள்ள போன தடம். கறை இருந்தா உடனே அழுகல்னு இல்ல, ஆனா அந்த வழியா தண்ணி வருதுன்னு தெரிஞ்சுக்கலாம். மரத்தோட ஈரம் அளக்கற மீட்டர் சின்ன விலைக்குக் கிடைக்கும், 20 சதவீதத்துக்கு மேல தொடர்ந்து காட்டினா பூஞ்சை வளர வசதியான இடம், அந்த இடத்தை சும்மா விடாதீங்க. வாங்கப் போற கார்ல மரம் ரொம்ப அடர் பழுப்பா, மர ரேகை தெரியாத அளவுக்கு சாயம் பூசியிருந்தா சந்தேகப்படுங்க, அடியில ஃபில்லர் இருக்க வாய்ப்பு அதிகம். ஃபில்லர்னா கார் பாடி ஓட்டை அடைக்கற பசை, மரத்துக்கு அது எதுக்கும் உதவாது, மரம் ஈரத்துக்கு ஏத்தாப்ல விரிஞ்சு சுருங்கும், ஃபில்லர் அசையாது, நடுவுல கீறல் விட்டு தண்ணியை உள்ள பூட்டி வச்சுடும்.

கதவை முழுசா மாத்தணுமா, அழுகின துண்டை மட்டும் மாத்தலாமா?

கதவுங்கறது ரெண்டு நெட்டுச்சட்டம், மேல நடுவுல கீழன்னு குறுக்குச்சட்டங்கள், எல்லாம் கழுந்தும் (துளைக்குள்ள நுழையற மாதிரி செதுக்கின முனை) துளையுமா சேர்ந்து பசை போட்டு நிக்கறது. வழக்கமா முதல்ல போறது கீழ்ச்சட்டம், அப்புறம் நெட்டுச்சட்டத்தோட அடி முனை. கீழ்ச்சட்டம் மட்டும் போயிருந்து மத்த ஜாயிண்ட் இறுக்கமா இருந்தா அந்த ஒண்ண மட்டும் புதுசா செஞ்சு போடலாம், நல்ல தச்சர் பண்ணுவார். நெட்டுச்சட்டத்தோட அடி நாலு விரல் அளவு போயிருந்தா சாய்வா வெட்டி புது மரம் ஒட்டலாம், ஆனா கீல் உக்கார்ற பக்கத்து சட்டத்துல ஒட்டு வேலை வேண்டாம்னு நான் சொல்லுவேன், முழு எடையும் அங்கதான் தொங்குது. ரெண்டு மூணு ஜாயிண்ட் தளந்துருச்சுன்னா புதுக் கதவே மேல், ஏன்னா பிரிச்சு சுரண்டி சேக்கற வேலை புதுசா செய்யற வேலையை விட நேரம் எடுக்கும்.

ரெடிமேட் கதவு கிடைக்குமா?

கிடைக்கும். பிரிட்டன்ல டிராவலர் மரமே தொழிலா செய்யற பட்டறைகள் இருக்கு, கதவை சேத்து ஒட்டி பாலிஷ் இல்லாத வெறும் மரமா குடுப்பாங்க, கேட்டா தனித்தனி துண்டாவும் குடுப்பாங்க. பக்கச்சட்டம், கதவு எல்லாம் சேந்த முழு கிட் எடுத்து ஆள் வச்சு மாட்டினா ஆயிரக்கணக்கான பவுண்ட் ஆகும், அதனாலதான் டிராவலர் வாங்கும்போது எஞ்சினை விட மரத்தை அதிக நேரம் பாக்கணும்னு சொல்றாங்க. எஞ்சின் பார்ட்ஸ் மலிவு, மரவேலை அப்படி இல்ல. மோரிஸ் மைனர் ஓனர்ஸ் கிளப் 1976ல ஆரம்பிச்சது, டெர்பியில ஆபீஸ், மெம்பர் ஆனா யார் நல்லா செய்யறாங்கன்னு அனுபவப்பட்டவங்க கிட்ட நேரா கேக்கலாம், கார் வாங்கறதுக்கு முன்னாடியே சேரலாம்.

வாங்கும்போது மர ரேகை எப்படி ஓடுதுன்னு பாருங்க. சட்டத்தோட நீளத்துக்கு நேரா ஓடணும், குறுக்கா சாஞ்சு ஓடினா அந்த இடத்துல பிளக்கும். முடிச்சு இருந்தா, அதுவும் கழுந்துக்குப் பக்கத்துல இருந்தா, திருப்பிக் குடுத்துடுங்க. 2012ல இருந்து பிரிட்டன்ல ஆஷ் மரங்களுக்கு ஒரு பூஞ்சை நோய் பரவி காடு காடா பட்டுப்போகுது. அதனால மரம் எங்க இருந்து வருது, சரியா உலர்த்தினதான்னு விக்கறவர்கிட்ட கேக்கறது தப்பே இல்ல.

அண்ணே, தேக்கு போட்டா என்ன? நம்ம ஊர்ல வீட்டு நிலைக்கதவே தேக்குல நூறு வருஷம் நிக்குதே?

நல்ல கேள்வி, நம்மாளுங்க எல்லாரும் கேப்பாங்க. தேக்கு அழுகலைத் தாங்கறதுல முதல் வகுப்பு, ஆஷ் கடைசி வகுப்பு, அந்தக் கணக்குல தேக்குதான் ஜெயிக்கும். எடையும் ஆஷை விட அதிகம்னு சொல்ல முடியாது. ஆனா ரெண்டு சிக்கல். ஒண்ணு, தேக்குல எண்ணெய்ப் பசை இருக்கு, ஒட்டறதுக்கு சற்று முன்னாடி அசிட்டோன் மாதிரி கரைப்பான் வச்சு துடைக்காட்டி பசை பிடிக்காது, ஜாயிண்ட் விட்டுப்போகும். ரெண்டு, அதிர்ச்சி தாங்கி வளைஞ்சு குடுக்கறதுல ஆஷ் அளவுக்கு வராது. வீட்டு நிலை நின்ன இடத்துல நிக்கும், கார் கதவு ஒவ்வொரு பள்ளத்துலயும் குலுங்கும். அது போக நிறம், ஒரு கதவு மட்டும் தேக்கு போட்டா மத்த மரத்தோட சேராது, விக்கும்போதும் டிராவலர் தெரிஞ்சவங்க விலையைக் குறைச்சுத்தான் கேப்பாங்க. மழையும் கரையானும் அதிகமா இருக்கற ஊர்ல, ஆஷே கிடைக்காத இடத்துல, பின்பாதி மொத்தத்தையும் தேக்குல செய்யறேன்னா அது வேற, நான் தடுக்க மாட்டேன். இங்கிலாந்துல இருக்கற காருக்கு ஆஷ்தான்.

இலங்கை ஆளுங்களுக்கு இந்தக் காரோட ஒரு தனி உறவு உண்டு, அங்க மைனர் ரொம்ப நாள் ரோட்டுல ஓடின கார், இங்கிலாந்துல பாத் நகரத்துல மோரிஸ் மைனர் சென்டர் நடத்தின சார்லஸ் வேர் இலங்கையிலேயே உதிரி பாகம் செய்யற வேலையை ஆரம்பிச்சு இங்கிலாந்துக்கு கொண்டு வந்தார். அந்த நாட்டுல கை வேலை தெரிஞ்ச தச்சர்களும் தகடு வேலைக்காரங்களும் இருக்காங்கங்கறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்.

பழைய கதவைக் கழட்டறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?

காரை சமதளத்துல, நாலு சக்கரத்துல நிறுத்துங்க. ஜாக்கி போட்டு ஒரு மூலையைத் தூக்கி வச்சுக்கிட்டு கதவு அளவு எடுக்காதீங்க, பாடி முறுக்கிக்கும், அளவு எல்லாம் பொய்யாகும். கதவு மூடின நிலையில சுத்தி இருக்கற இடைவெளியை நாலு பக்கமும் அளந்து போட்டோவோட எழுதி வைங்க. கீல் உக்காந்திருக்கற இடத்தைச் சுத்தி பென்சில் கோடு. கதவைக் கழட்டினதும் கதவு நிலையோட ரெண்டு மூலைவிட்டத்தையும் அளங்க, ரெண்டும் ஒண்ணா வரணும், வரலைன்னா நிலை சரிஞ்சிருக்கு, கதவுல கை வைக்கறதுக்கு முன்னாடி அதை நிமிர்த்தணும்.

தூணையும் மாத்தப் போறீங்கன்னா கூரைக்கும் தரைக்கும் நடுவுல முட்டுக்கட்டை குடுங்க, ஒரு பக்கம் முடிச்சிட்டு அடுத்த பக்கம் போங்க. ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துல பிரிச்சா எதை வச்சு அளவு பாப்பீங்க?

துருப்பிடிச்ச ஸ்க்ரூ கழட்ட வரல.

எண்ணெய் தெளிக்காதீங்க, மரம் உறிஞ்சிக்கும், அப்புறம் அந்த இடத்துல வார்னிஷ் பிடிக்காது. ஸ்க்ரூ தலைப் பள்ளத்தை ஊசியால சுரண்டி சுத்தம் பண்ணுங்க, பெரிய சால்டரிங் அயர்னை தலை மேல ரெண்டு நிமிஷம் வச்சு சூடாக்குங்க, ஆறினதும் சரியான அகலம் இருக்கற டிரைவரை வச்சு முதல்ல இறுக்கற பக்கம் துளி திருப்பி அப்புறம் கழட்டுங்க. பெரும்பாலும் வந்துடும். வரலைன்னா தலையை டிரில் பண்ணி எடுத்துட்டு, மரத்தைக் கழட்டினதுக்கு அப்புறம் மிச்சத்தை பிளையர்ல திருப்பி எடுக்கலாம்.

புது கதவை எந்த வரிசையில மாட்டணும்?

இதுலதான் நிறைய பேர் அவசரப்பட்டு சொதப்புறாங்க, புது மரத்தைப் பாத்ததும் பாலிஷ் அடிக்க கை துறுதுறுங்கும். பாலிஷ் அப்புறம். முதல்ல வெறும் மரமா மாட்டிப் பாருங்க. வந்த கதவை ரெண்டு வாரமாவது கார் நிக்கற ஷெட்லயே படுக்க வச்சு விடுங்க, அங்க இருக்கற காத்தோட ஈரத்துக்கு மரம் பழகட்டும், ஹீட்டர் பக்கத்துல வைக்காதீங்க. அப்புறம் பழைய கீலையே, இல்ல புதுக் கீலை, ஒரு தகட்டுக்கு ரெண்டு ஸ்க்ரூ மட்டும் போட்டு தொங்க விடுங்க. ரெண்டு கதவும் மூடிப் பாக்கணும், நடுவுல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்கார்ற அமைப்பு, அதனால ஒரு கதவை மட்டும் சரி பண்ணி திருப்திப்பட முடியாது, இதை கால் மில்லி தூக்கினா அது இடிக்கும். பட்டறைக்காரங்க குடுக்கற கதவு ஒவ்வொரு பக்கமும் கொஞ்சம் கூடுதலா விட்டிருப்பாங்க, அது கோளாறு இல்ல, உங்க காருக்கு ஏத்தாப்ல இழைக்கறதுக்குத்தான். ஒவ்வொரு காரோட மரச்சட்டமும் கொஞ்சம் வேறுபடும், ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. இழைப்புளியை சன்னமா வச்சு இழைங்க, ஒரு சீவல், மூடிப்பாரு, இன்னொரு சீவல். சுத்தி மூணு நாலு மில்லிமீட்டர் சீரான இடைவெளி வந்தா போதும், கண்ணாடி ஏறினா கதவு எடை கூடும், ஒரு துளி இறங்கும், அதுக்கு கீழ்ப்பக்கம் கொஞ்சம் அதிகமா விட்டுடுங்க. பழைய ரப்பர் பீடிங் தூக்கிப் போட்டுட்டு புதுசை தற்காலிகமா வச்சு மூடிப் பாக்க மறக்காதீங்க, ரப்பரோட தடிமனும் கணக்குல வரும்.

இதெல்லாம் முடிஞ்சதும் மறுபடி கழட்டுங்க, ஆமா, கழட்டணும். லாக்குக்கு, கைப்பிடிக்கு, ஸ்டேக்கு (திறந்த கதவை நிறுத்தி வைக்கற கம்பி) வேண்டிய துளையெல்லாம் இப்பவே போட்டுடுங்க, பாலிஷ் அடிச்சப்புறம் துளை போட்டா துளைக்குள்ள வெறும் மரம் தெரியும், தண்ணி அங்கதான் உள்ள போகும். அப்புறம் பாலிஷ், அப்புறம் தகடு, அப்புறம் மாட்டி, கடைசியில கண்ணாடி.

எந்த பசை?

வெள்ளைப் பசை வேண்டாம், ஈரத்துலயும் தொடர்ந்த பளுவுலயும் மெதுவா வழுக்கும். கேஸ்கமைட்னு பொடியா வரும், தண்ணியில கலக்கறது, பழைய மரப்பாடி ஆளுங்க நம்பறது அதைத்தான். எப்பாக்ஸியும் நல்லது, ஜாயிண்ட்ல சின்ன இடைவெளி இருந்தா நிரப்பும். எதுவானாலும் கிளாம்ப் போட்டு நேரா இருக்கான்னு மூலைவிட்டம் அளந்துட்டு விடுங்க, ராத்திரி முழுக்க காயட்டும்.

ஸ்க்ரூ எது போடணும்?

சாதா இரும்பு ஸ்க்ரூ வேண்டவே வேண்டாம், துருவும் ஈரமும் சேந்து மரத்துல கறுப்பு வளையம் விடும். ஸ்டெயின்லெஸ் போடுங்க. பித்தளை பாக்க அழகு, ஆனா மிருது, ஆஷ் கெட்டி மரம், திருகும்போதே தலை முறிஞ்சுடும். பித்தளைதான் வேணும்னா முதல்ல சரியான அளவுல துளை போட்டு, அதே சைஸ் இரும்பு ஸ்க்ரூவை ஒரு தடவை ஏத்தி வழி பண்ணிட்டு எடுத்துட்டு, பித்தளைக்கு மெழுகு தடவி கையால திருகுங்க. அலுமினியத் தகட்டோட ஸ்க்ரூ படற இடத்துல மாஸ்டிக் (இடுக்கை அடைக்கற மெத்துப் பசை) தடவிப் போடுங்க, ரெண்டு உலோகம் ஈரத்துல நேரா தொட்டா அலுமினியம்தான் அரிச்சுப்போகும். தூண்ல பழைய ஓட்டை பெருசா இருந்தா தீக்குச்சி சொருகற வேலை வேண்டாம், சுத்தமா துளைச்சு ஆஷ் முளை அடிச்சு பசை போட்டு காஞ்சதும் புதுசா துளை போடுங்க.

வார்னிஷா, எண்ணெயா, வேற ஏதாவதா?

மூணு கட்சி இருக்கு, எல்லாரும் சண்டை போடுவாங்க. படகு வார்னிஷ் கண்ணாடி மாதிரி பளபளக்கும், ஆனா ஒரு இடத்துல கீறல் விட்டா தண்ணி அடியில புகுந்து வெளிய வர முடியாம அங்கேயே நிக்கும், கறுப்பாகும், மொத்தமும் சுரண்டி எடுக்கணும். எண்ணெய் அடிக்கறது சுலபம், ஆனா வருஷத்துக்கு பல தடவை அடிக்கணும், அழுக்கு பிடிக்கும். நான் சொல்றது மூச்சு விடற வகை, டிராவலர்காரங்க நிறைய பேர் சிக்கன்ஸ் கம்பெனியோட செட்டால் எச்எல்எஸ் முதல் கோட்டாவும் ஃபில்டர் 7 மேல் கோட்டாவும் அடிக்கறாங்க, உள்ள இருக்கற ஈரம் ஆவியா வெளிய போக விடும், தோல் மாதிரி உரியாது, மறு கோட் அடிக்க லேசா உப்புத்தாள் போட்டா போதும்.

எதை அடிச்சாலும் எங்க அடிக்கறீங்கங்கறதுதான் முக்கியம். கதவோட அடி விளிம்பு யார் கண்ணுக்கும் தெரியாது, அதனால யாரும் அடிக்க மாட்டாங்க, தண்ணி வடிஞ்சு தொங்கறது அங்கதான். மரத்தோட வெட்டு முனை குழாய் கட்டு மாதிரி தண்ணியை உறிஞ்சும், அதுக்கு மட்டும் மூணு நாலு கோட் தனியா குடுங்க. ஸ்க்ரூ துளைக்குள்ள, லாக் குழிக்குள்ள, தகடு உக்கார்ற பள்ளத்துக்குள்ள, கீல் தகட்டுக்கு அடியில, எல்லாத்துலயும் தூரிகை போகணும்.

கறுப்புக் கறையை எப்படி எடுக்கறது?

மரம் கெட்டியா இருந்து கறை மட்டும்னா ஆக்ஸாலிக் ஆசிட் பொடியை வெந்நீர்ல கரைச்சு தடவி, காஞ்சதும் நல்லா தண்ணியில கழுவணும், தேவைப்பட்டா மறுபடியும். விஷம் அது, கையுறை, கண்ணாடி போடுங்க, காஞ்ச பொடியை உப்புத்தாள் போட்டு தேய்க்காதீங்க, மூக்குக்குள்ள போகும். மரம் முழுசா உலர்ந்தப்புறம்தான் மேல பூச்சு.

சிலிக்கான் போட்டு எல்லா இடுக்கையும் அடைச்சுட்டா தண்ணி வராதுல்ல?

வரும், ஆனா வெளிய போகாது. கீழ்ச்சட்டத்துல தண்ணி வடியற வழியை அடைக்கவே கூடாது. சிலிக்கான் பட்ட மரத்துல அடுத்து எந்த பூச்சும் ஒட்டாது. தகடும் மரமும் சேர்ற மேல் விளிம்புல கெட்டியாகாத மாஸ்டிக் போடுங்க, கீழ் விளிம்பை விடுங்க.

கதவு ரப்பர் அவ்வளவு முக்கியமா?

மழையை விட இன்னொரு காரணத்துக்கு முக்கியம். ஓடற எஸ்டேட் காருக்குப் பின்னாடி காத்தழுத்தம் குறையும், சைலன்சர் புகை அங்கேயே சுழலும், பின் கதவுல இடைவெளி இருந்தா அந்தப் புகை உள்ள இழுக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நீண்ட பயணத்துல தலைவலி வந்தா சும்மா வெயில்னு விட்டுடாதீங்க. ஒரு நோட்டுத் துண்டை ரப்பர்ல வச்சு கதவை மூடி இழுங்க, சுத்தி எல்லா இடத்துலயும் பிடிச்சு இழுக்கணும், எங்க சரக்குன்னு வருதோ அங்க சரி பண்ணுங்க. பின்னாடி பிள்ளைங்க உக்கார்ற கார்னா இதை முதல் வேலையா பண்ணுங்க.

எம்ஓடி டெஸ்ட்ல மரத்தைப் பாப்பாங்களா?

எம்ஓடிங்கறது கார் ரோட்டுல ஓட்டத் தகுதியான்னு பிரிட்டன்ல வருஷா வருஷம் பாக்கற டெஸ்ட். அதுல மரத்தையும் பாப்பாங்க, பளு தாங்கற மரம் அழுகியிருந்தா இரும்பு துருப்பிடிச்ச மாதிரியே ஃபெயில் பண்ணலாம். 2018 மே மாசத்துல இருந்து 40 வருஷம் தாண்டின, பெருசா மாத்தாத காருக்கு எம்ஓடி கட்டாயம் இல்ல, அதனால இன்னைக்கு பெருசா மாத்தாத எல்லா டிராவலருக்கும் விலக்கு கிடைக்கும். ஆனா ரோட்டுல ஓட்டத் தகுதியா வச்சிருக்கற பொறுப்பு உங்களோடது, அது எங்கயும் போகல. விலக்கு இருந்தாலும் வருஷம் ஒரு தடவை காசு குடுத்து டெஸ்ட் பண்ணிக்கங்க, அடியில படுத்துப் பாக்கற இன்னொரு ஜோடிக் கண்ணு கிடைக்குது.

புது கதவு எத்தனை வருஷம் வரும்?

உங்க கையில இருக்கு. வருஷத்துக்கு ரெண்டு தடவை, குளிர்காலத்துக்கு முன்னாடியும் அப்புறமும், வெயில் இருக்கற நாளா பாத்து கழுவி, ஜாயிண்ட் எல்லாம் விரல்ல தடவிப் பாருங்க, பூச்சு மெலிஞ்ச இடத்துல அன்னைக்கே ஒரு கோட். பக்கவாட்டு ஜன்னல் சறுக்கற பள்ளத்துல பாசி வளரும், இங்கிலாந்துல டிராவலர்னாலே பாசின்னு சொல்ற அளவுக்கு, அதை பழைய டூத்பிரஷ் வச்சு எடுங்க, அங்க தேங்கற தண்ணி நேரா சட்டத்துக்குள்ள இறங்கி கடைசியில பின்தூணோட அடிக்குத்தான் வந்து சேரும். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீங்க, உள்ள வேர்த்து ஊறும். காத்தோட்டமான கொட்டகை, கதவு இல்லாட்டியும் பரவால்ல, பூட்டின ஈர கராஜை விட நல்லது.

பழைய கதவை தூக்கிப் போட்டுடலாமா?

ஒரு குளிர்காலம் தாண்டற வரைக்கும் வைங்க. கீல், லாக், கைப்பிடி, ஸ்டே எல்லாம் கழட்டி சுத்தம் பண்ணி எடுத்துக்கங்க, பழைய பாகம் புது நகலை விட கெட்டியா இருக்கும். அளவு சந்தேகம் வந்தா பழைய கதவுதான் பதில் சொல்லும். அழுகாத மேல்சட்டம் பின்னாடி முளை வெட்டவும் ஒட்டு போடவும் ஆகும், நிறமும் சேரும்.

புது கதவு மாட்டி ரெண்டு மாசம் ஆச்சு, மழைக்காலத்துல மூடும்போது இறுகுது, இழைச்சுடலாமா?

வேண்டாம், கையை கட்டிக்கங்க. ஆஷ் நீளவாக்குல அசையாது, அகலவாக்குல ஈரத்துக்கு ஊதும், அதனால ஐப்பசி கார்த்திகையில இறுகற கதவு வைகாசியில தானா தளரும். இப்ப இழைச்சா கோடையில இடைவெளி பெருசாகி ரப்பர் பிடிக்காது. முதல்ல கீல் ஸ்க்ரூ எல்லாம் ஒரு சுத்து இறுக்கிப் பாருங்க, புது மரம் அழுந்தி உக்காரும்போது கொஞ்சம் தளர்றது வழக்கம். அப்புறம் எந்த விளிம்பு இறுகுதோ அங்க பூச்சு விட்டுப் போயிருக்கான்னு பாருங்க, வெறும் மரம் தெரிஞ்சா அதுதான் ஈரம் குடிக்கற இடம், காயற நாளா பாத்து உலர்த்தி அடிச்சு விடுங்க. ஒரு முழு கோடை போனப்புறமும் அதே இடத்துல இறுகினா மட்டும் இழைப்புளியை எடுங்க, இழைச்ச இடத்துக்கு அன்னைக்கே பூச்சு குடுத்துடுங்க.